ஆர்.டி.ஐ. கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று கைவிரிக்கிறார்களா? கேள்வியை மாற்றிப் போடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

“எங்கள் ஊராட்சியில் அரசு வீடு யார் யாருக்கு ஒதுக்கினார்கள் என்று ஆர்.டி.ஐ. (தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு) போட்டேன். ‘தனிநபர் தகவல், வழங்க இயலாது’ என்று ஒரே வரியில் பதில். பக்கத்து பாறைக் குவாரியின் அனுமதி நகலைக் கேட்டால் ‘மூன்றாம் நபர் ஆட்சேபித்துள்ளார்’ என்கிறார்கள். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்கு நிலம் எடுப்பது பற்றிக் கேட்கலாம் என்றால், அது அணுக்கனிமம், அரசாங்க ரகசியம், கேஸ் வரும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் என் அம்மாவின் விதவை உதவித்தொகை மனு நகலைக் கேட்டிருக்கிறார், ஆட்சேபனை உண்டா என்று தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் கேட்டால் தரமாட்டார்கள், எங்கள் வீட்டு விவரத்தை மட்டும் கொடுத்துவிடுவார்களா?”

முதலில் அம்மா விஷயத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் இரண்டு நாள் காத்திருக்கும். வந்திருப்பது தகவல் பெறும் உரிமைச் சட்டம் 11-வது பிரிவின்படி மூன்றாம் நபருக்கு, அதாவது யாருடைய தகவலைக் கேட்கிறார்களோ அவருக்கு, அனுப்பும் நோட்டீஸ். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் உங்கள் தரப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அலுவலர் தன் போக்கில் முடிவெடுத்துவிடுவார். ‘எதையும் தரக்கூடாது’ என்று மொத்தமாக மறுத்து எழுதத்தான் கை வரும். அப்படி எழுதினால் நீங்கள் வீட்டுத் திட்டத்தில் யாரைத் திட்டுகிறீர்களோ அவர்கள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள், தவிர அந்தப் பதில் மேல்முறையீட்டில் நிற்பதும் கஷ்டம். அம்மா கையெழுத்தில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

“என் பெயர், திட்டத்தின் பெயர், உதவித்தொகை அனுமதித்த உத்தரவின் தேதி, தொகை ஆகியவற்றைத் தருவதில் ஆட்சேபனை இல்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், வீட்டு முகவரி, கணவரின் இறப்புச் சான்று, மருத்துவ ஆவணங்கள், புகைப்படம், கையொப்பம் ஆகியவை என் சொந்த வாழ்க்கையைச் சேர்ந்தவை. இவற்றைப் பிரிவு 8(1)(ஜே), பிரிவு 10 ஆகியவற்றின்படி மறைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

8(1)(ஜே) என்பது தனிநபர் தகவலுக்கான விலக்கு; 10 என்பது மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிற பிரிவு. தாலுகா ஆபீசில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இதையும் மீறிக் கொடுக்கப்போவதாக முடிவெடுத்தால் அதை உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், நீங்கள் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆதார் விஷயத்தில் தனிக் காவலே இருக்கிறது: 2016 ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு ஒருவருடைய எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது.

அந்தக் கடிதத்தில் இரண்டு பங்காகப் பிரித்திருக்கிறேன் பாருங்கள். அரசு எடுத்த முடிவு, அரசு கொடுத்த பணம் ஒரு பக்கம். அந்தப் பணத்தை வாங்க ஒரு ஏழைப் பெண் மேசையில் வைக்க வேண்டியிருந்த அவளுடைய காகிதங்கள் மறுபக்கம். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

சரி, வீட்டுத் திட்டத்துக்கு வருவோம். ‘தனிநபர் தகவல்’ என்ற பதில் இப்போது அடிக்கடி வரக் காரணம் இருக்கிறது. பழைய 8(1)(ஜே) பிரிவு, பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத, ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தகவலைத்தான் மறுக்கலாம் என்றது. அதிலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கச் சொன்னது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு வரியும் இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் இதையெல்லாம் வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்று மொட்டையாக ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்தரங்கத்தைக் காக்கிறேன் என்று கிளம்பி அலுவலர்களுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கிக் கொடுத்த வேலை இது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு, எந்தக் கட்டுப்பாடும் தேவைக்கு அளவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தேர்தல் பத்திர வழக்கில் 2024 பிப்ரவரியில் நன்கொடையாளரின் அந்தரங்கத்தையும் வாக்காளரின் அறியும் உரிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட்டுத்தான் உச்ச நீதிமன்றம் விவரங்களை வெளியிடச் சொன்னது. எடைபோடாமல் மறுப்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புமே வழி சொல்லவில்லை.

நல்லவேளையாகத் திருத்தம் தொடாத இடங்கள் உண்டு. 4(1)(பி) அப்படியே இருக்கிறது: மானியத் திட்டங்களை எப்படி நடத்துகிறார்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதையும், சலுகை, பெர்மிட், அனுமதி வாங்கியவர்களின் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும். கேட்காமலே வெளியிட வேண்டியதைக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது? 8(2) பிரிவும் இருக்கிறது. விலக்கு எதுவானாலும், வெளியிடுவதில் உள்ள பொதுநலன் அதனால் வரும் கெடுதியைவிடப் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது அது. பழைய பிரிவில் அலுவலர்தான் பொதுநலனைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இனி நடைமுறையில் அதை மனுதாரரே எழுதிக் காட்ட வேண்டிவரும். சட்டப்படி நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு அதைச் சொல்கிறது. ஆனாலும் இப்போதைய நிலைமைக்கு இரண்டு வரி எழுதிவிடுவது புத்தி.

உங்கள் மனுவின் நகலையும் பார்த்தேன். பெயர், குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். மறுக்கக் காரணத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மனுவை இப்படிப் போடுங்கள்:

“இன்ன நிதியாண்டில் இன்ன ஊராட்சியில் வீட்டுத் திட்டத்தில் வழங்கிய நிர்வாக அனுமதி உத்தரவுகளின் நகல், பயனாளி பெயர், கிராமம், அனுமதித்த தொகை, விடுவித்த தவணை, தேதி உள்ள பதிவேட்டின் நகல், பயனாளிப் பட்டியலை வைத்து ஒப்புதல் பெற்ற கிராம சபைத் தீர்மானத்தின் நகல். ஆதார், வங்கி, கைபேசி எண்களைப் பிரிவு 10-இன்படி மறைத்துத் தரவும். இது பொதுப்பணம் செலவான விதம் பற்றியது, பிரிவு 4(1)(பி)-இன் கீழும் 8(2)-இன் கீழும் கேட்கிறேன்.”

கிராம சபைத் தீர்மானத்தைக் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊர் கூடி வாசித்த பட்டியலை அந்தரங்கம் என்று சொல்ல முடியாது. வாசிக்கவே இல்லை என்றால் அதுவும் பதிலில் தெரிந்துவிடும். அடுத்த கிராம சபையிலும் எழுந்து நின்று கேளுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்றும் சபை நடக்கும், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுதான் என்பதால் தேதி மறக்காது. பிரதமர் வீட்டுத் திட்டம் என்றால் ஒன்றிய அரசின் இணையதளத்திலேயே ஊராட்சி வாரியாகப் பயனாளி விவரம் கிடக்கிறது. அதை பிரின்ட் எடுத்து மேல்முறையீட்டோடு இணைத்தால், வெளியே கிடப்பதை உள்ளே ரகசியம் என்று எப்படிச் சொல்வார்கள்?

அலுவலர்கள் சிலர் ‘தரவுச் சட்டத்தில் கோடிக்கணக்கில் அபராதம் வரும்’ என்று நிஜமாகவே பயப்படுகிறார்கள், எல்லாரும் வேண்டுமென்றே மறைப்பவர்கள் கிடையாது. அவர்களுக்குச் சொல்லுங்கள்: நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு போட முடியாது என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. சட்டப்படி வெளியிட்டாக வேண்டிய தகவலைத் தன் வரம்புக்கு வெளியே வைப்பதாகத் தரவுச் சட்டத்தின் 3-வது பிரிவே சொல்கிறது. அபராதம் எங்கே வரும் என்றால் காரணமில்லாமல் மறுத்தால்: நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை, அவர் சம்பளத்திலிருந்து.

குவாரி விஷயம் இன்னும் எளிது. மூன்றாம் நபர் ஆட்சேபித்தார் என்பது பதிலே ஆகாது. 11-வது பிரிவு அவரைக் கேட்கச் சொல்கிறது, அவர் சொன்னபடி ஆடச் சொல்லவில்லை. குத்தகை உத்தரவு, எல்லை வரைபடம், எவ்வளவு கன மீட்டர் வெட்டலாம், கல் ஏற்றிப்போக எவ்வளவு நடைச்சீட்டு கொடுத்தார்கள், வெட்டிய கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணம் எவ்வளவு கட்டினார்கள் என்பதெல்லாம் அரசாங்கச் சொத்தை அரசாங்கம் என்ன செய்தது என்ற கணக்கு. களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாக மலை போய்க்கொண்டிருக்கிற மாவட்டத்தில் இதில் பொதுநலன் இருக்கிறதா என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குவாரிக்காரரின் வருமான வரிக் கணக்கைக் கேட்காதீர்கள், கிடைக்காது. வெடிமருந்துக் கிடங்கு எங்கே, இருப்பு எவ்வளவு என்றும் கேட்காதீர்கள். மறுத்தால் அது நியாயமான மறுப்பு.

ஆனால் குவாரி மனுவில் நான் அதிகம் கவலைப்படுவது உங்களைப் பற்றி. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம், சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்துக்கொண்டிருந்தவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். அந்தரங்கம் பற்றி இவ்வளவு பேசுகிற நாட்டில் கேள்வி கேட்டவனின் பெயரையும் முகவரியையும்தான் முதலில் எதிராளி கையில் கொடுக்கிறார்கள். மூன்றாம் நபருக்கு அனுப்பும் நோட்டீஸில் மனுதாரர் யார் என்று சொல்லியாக வேண்டும் என 11-வது பிரிவில் எங்கும் இல்லை. நடைமுறையில் மனு நகலையே இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால் மனுவின் தலையிலேயே, ‘மூன்றாம் நபருக்குத் தெரிவிக்கும்போது என் பெயர், முகவரியை மறைக்கவும், எனக்கு ஆபத்து நேரலாம்’ என்று எழுதுங்கள். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம். தொடர்புகொள்ளத் தேவையான விவரத்துக்கு மேல் கேட்க அலுவலருக்கு அதிகாரம் இல்லை. முடிந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் ஒரு வழக்கறிஞர் தன் பெயரில் மனு போட்டால் இன்னும் நல்லது. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் உரிமை உண்டு. துணைக்கு ஆளோடு போங்கள்.

கடைசியாக அணுக்கனிமம். ஊரில் சொல்வது பாதி உண்மை. 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்திலும் சில தகவல்களைத் தடுக்கிற பிரிவு உண்டு. ஆனால் கேள்வி கேட்பதற்காக யார் மீதும் கேஸ் போட முடியாது, மறுக்க மட்டுமே முடியும். ஆர்.டி.ஐ. சட்டத்தின் 22-வது பிரிவு, முரண் வந்தால் அலுவல் ரகசியச் சட்டத்தைவிடத் தானே மேல் என்று பெயர் சொல்லிச் சொல்கிறது. கோப்பில் ‘ரகசியம்’ என்று சீல் இருப்பது மறுக்கக் காரணம் ஆகாது. 8, 9, 24 இந்தப் பிரிவுகளில் எதன் கீழ் மறுக்கிறோம், ஏன் என்று எழுதியாக வேண்டும்.

இங்கேயும் கேள்வியின் வடிவம்தான் எல்லாம். எந்தெந்த சர்வே எண், எத்தனை ஹெக்டேர், எந்தெந்த ஊர், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பம், கதிர்வீச்சு அளவு பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டியது, நிலத்துக்கு இழப்பீடு எந்தக் கணக்கில் — இவற்றைக் கேளுங்கள். மணலில் உள்ள அணுக்கனிமமான மோனசைட்டை எப்படிப் பிரிக்கிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். கூடங்குளம் அணுஉலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கேட்டபோது, சப்ளை செய்தவர்களின் வடிவமைப்பு ரகசியங்களை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுக்க மத்தியத் தகவல் ஆணையம் 2012-இல் உத்தரவிட்டது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இதில் லேசாக ஜெயிக்கலாம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அணுக்கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்ட பிறகு, கிள்ளியூர் தாலுகாக் கடற்கரைக்காரர்களுக்கு எழுத்தில் கேட்க மிச்சமிருக்கிற வழிகளில் இது ஒன்று.

ஒரு சின்ன விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். ஊராட்சி, தாலுகா, கனிமவளத் துறை எல்லாம் மாநில அரசு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், இரண்டாம் மேல்முறையீடு சென்னையில். மணவாளக்குறிச்சி மணல் ஆலை ஒன்றிய அரசு நிறுவனம்: கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போடுங்கள், இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில். வீட்டுப் பட்டியலுக்கும் குவாரிக்கும் ஏற்கெனவே மறுப்புக் கடிதம் வந்துவிட்டதால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், அங்கேயும் கிடைக்காவிட்டால் அடுத்த 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. புது மனுவைத் தனியாகப் போடுங்கள், அதற்காக மேல்முறையீட்டை விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். மேல்முறையீட்டில், மறுப்பு சரிதான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அலுவலருடையது என்று 19(5) பிரிவைக் குறிப்பிடுங்கள். உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள தபால் முத்திரைத் தேதியை வைத்துத்தான் நாள் கணக்கைக் காட்ட முடியும்.