சின்ன கடைக்கு ஸ்டாக் சிஸ்டம்: உங்க கேள்வி, என் பதில்

மளிகை, மெடிக்கல், ஹார்ட்வேர் கடைகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் செட் பண்ணிக் குடுக்கிறதுதான் என் தொழில். ரிட்டர்ன் ஃபைலிங், இன்கம் டாக்ஸ் எல்லாம் உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க. மத்தபடி கேளுங்க.

கோவில்பட்டி மளிகை: அண்ணே, அப்பா காலத்துக் கடை, ஆயிரத்து ஐநூறு ஐட்டம் தேறும். எல்லாம் அப்பா மனசுலதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எங்கருந்து தொடங்க?

தம்பி, கம்ப்யூட்டர அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஒரு வாரம் கடைக்குள்ள சரக்கு எந்த வழியில வருது, எந்த வழியில போகுதுன்னு ஒரு நோட்ல எழுதுங்க. ஏஜென்சி வண்டில வர்றது, நீங்களே மார்க்கெட் போய் எடுத்துட்டு வர்றது, பில் போட்டு விக்கிறது, கடனுக்கு சிட்டைல எழுதிக் குடுக்கிறது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது, எலி கடிச்சது, டேட் முடிஞ்சு ஏஜென்சிக்கு திரும்பப் போறதுன்னு குறைஞ்சது ஏழெட்டு வழி தேறும். ஒவ்வொன்னுக்கும் சாஃப்ட்வேர்ல ஒரு என்ட்ரி இருக்கணும். வீட்டுக்கு எடுக்கிறதுக்கு என்ட்ரி இல்லாத கடைல மாசக் கடைசில ஸ்டாக் இடிக்கும், பழி கடைப் பையன் மேல விழும். அது பாவம்.

அடுத்தது ஐட்டம் பேரு. மிளகாய்த்தூள் 50 கிராம் வேற ஐட்டம், 100 கிராம் வேற ஐட்டம். ஒரே பாக்கெட்டுக்கு பழைய எம்ஆர்பி, புது எம்ஆர்பி ரெண்டும் ஒரே நேரத்துல ராக்குல நிக்கும், பார்கோடு ஒன்னுதான், அதனால எம்ஆர்பி வாரியா தனித்தனியா ஸ்டாக் காட்டுற சாஃப்ட்வேரா பாருங்க. ஜிஎஸ்டி வரியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22ல குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18லேர்ந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சுல்ல, வரிய ஐட்டத்துல மட்டும் வச்சிருந்த சாஃப்ட்வேர்ல அத மாத்துனா பழைய பில்ல திறந்து பாத்தாலும் 5ன்னு காட்டும். பில்லுல இருக்கிற ஒவ்வொரு லைன்லயும் அன்னைக்கு இருந்த வரி ரேட்டு பதிவாகி நிக்கணும்.

கடைசியா ஒன்னு, இத எல்லாருக்கும் சொல்லுவேன்: சரக்கு ராக்குக்கு ஏறுறதுக்கு முன்னாடி பர்ச்சேஸ் என்ட்ரி ஏறணும்.

திருப்பூர் ஃபேன்ஸி ஸ்டோர்: எந்த சாஃப்ட்வேர் சார் பெஸ்ட்?

பேர் சொல்ல மாட்டேன். உங்க கடைல இருக்கிறதுலயே சிக்கலான இருபது ஐட்டத்த எடுத்துட்டுப் போய், அத வச்சு டெமோ காட்டச் சொல்லுங்க. அவங்க கொண்டு வர்ற சாம்பிள் டேட்டால எல்லா சாஃப்ட்வேரும் நல்லாத்தான் ஓடும்.

மெடிக்கல் ஷாப், கும்பகோணம்: பத்து மாத்திரை அட்டைல நாலு மட்டும் கேக்குறாங்க, ஸ்டாக் ஒத்து வரவே மாட்டேங்குது.

அக்கா, ஸ்டாக்க மாத்திரைக் கணக்குல வைங்க. வாங்குறது பெட்டி, விக்கிறது மாத்திரை, நடுவுல ஒரு பெட்டிக்கு இத்தன அட்டை, ஒரு அட்டைக்கு இத்தன மாத்திரைன்னு ஐட்டத்துலயே குடுத்துட்டா போதும், அதுவே மாத்திக்கும். பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி ரெண்டும் என்ட்ரில கட்டாயம். முதல்ல வந்தது முதல்ல போகணும்ங்கிறது உங்களுக்கு சரிப்படாது, முதல்ல எக்ஸ்பைரி ஆகுறதுதான் முதல்ல போகணும், பில்லுல அந்த பேட்ச்தான் மேல வந்து நிக்கணும். ஷெட்யூல் ஹெச்1 மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தாதான் விக்கக்கூடிய ஒரு பட்டியல்) தனி ரெஜிஸ்டர் மூணு வருஷம் வச்சிருக்கணும், டாக்டர் பேரும் பேஷன்ட் பேரும் பில்லு போடும்போதே ஏத்திட்டா அந்த ரெஜிஸ்டர அப்படியே பிரின்ட் எடுக்கலாம்.

கடலூர் ஸ்டேஷனரி: எக்செல்லே போதாதா?

ஒரே ஆள், சில நூறு ஐட்டம்னா போதும். ஆனா பார்கோடு எழுதுற பத்திய (column) முதல்லயே டெக்ஸ்டா மாத்திடுங்க. இல்லன்னா 890ல தொடங்குற 13 நம்பர் 8.90E+12ன்னு சுருங்கி நிக்கும், அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணா நம்பரே போயிடும். இருப்பு செல்ல அழிச்சு அழிச்சு புது நம்பர் எழுதாதீங்க, வரவு ஒரு லைன், செலவு ஒரு லைன், இருப்பு ஃபார்முலால வரட்டும்.

ஓசூர் சூப்பர் மார்க்கெட்: பெஸ்ட் சாஃப்ட்வேர் எது?

மேல சொல்லிட்டேன், திருப்பூர்காரர் கேட்டதுக்கு.

தஞ்சாவூர் டிபார்ட்மென்ட் ஸ்டோர்: சரக்கு ராக்குல இருக்கு, சிஸ்டம் ஜீரோ காட்டுது, பில் போட விடல. நெகட்டிவ் ஸ்டாக், அதாவது இருப்பு ஜீரோவுக்குக் கீழ மைனஸ்ல போறத, அலவ் பண்ணலாமா?

மளிகைக்கு அலவ் பண்ணுங்க. மெடிக்கலுக்கு வேண்டாம், பேட்ச் இல்லாம மருந்து பில் போடக் கூடாது.

ஓசூர் சூப்பர் மார்க்கெட்: தப்பு சார். பிளாக் பண்ணாதான் ஸ்டாஃபுக்கு பயம் இருக்கும், என்ட்ரி ஒழுங்கா போடுவாங்க.

பயம் யாருக்கு வருது? என்ட்ரி போட வேண்டியது உள்ள இருக்கிறவர், மாட்டிக்கிறது கல்லாவுல நிக்கிற பொண்ணு. வரிசைல அஞ்சு பேரு நிக்கிறாங்க, மஞ்ச சோப்பு பில் ஆகல, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அதே விலைல இருக்கிற பச்ச சோப்ப ஸ்கேன் பண்ணி அனுப்பிடும். இப்ப ரெண்டு சோப்போட ஸ்டாக்கும் தப்பு, அத எந்த ரிப்போர்ட்டும் காட்டாது. மைனஸ் 3ன்னு நின்னா எங்க என்ட்ரி விட்டுப்போச்சுன்னு அதுவே சொல்லிடும்.

தஞ்சாவூர்: அதேதான் சார் எங்க கடைல நடக்குது!

ஓசூர்: சரி, ஆனா நெகட்டிவ்ல போனா லாபக் கணக்கு கெடுமே? ஆவரேஜ் காஸ்ட் (சராசரி அடக்க விலை) தப்பா வருமே?

வரும், அது நியாயமான கேள்வி. இல்லாத சரக்கு வித்தா சில சாஃப்ட்வேர் அடக்க விலைய ஜீரோன்னு எடுக்கும், வித்த காசு மொத்தமும் லாபம்னு காட்டும். அதனாலதான் அலவ் பண்றவங்க ராத்திரி கடை அடைக்கிறதுக்கு முன்னாடி மைனஸ் லிஸ்ட்ட எடுத்து அன்னைக்கே சரி பண்ணணும், அடுத்த நாளைக்கு தள்ளக் கூடாது. பாக்க ஆள் இல்லன்னா நீங்க சொல்ற மாதிரி பிளாக்கே வைங்க, ஆனா கல்லா பக்கத்துல பில் ஆகாத ஐட்டம் பேரும் விலையும் எழுதி வைக்க ஒரு நோட்டு குடுங்க, அந்தப் பொண்ணு மாத்தி ஸ்கேன் பண்ணாது. ரெண்டு வழிக்கும் அடிப்படை ஒன்னுதான்: ராக்குக்கு முன்னாடி என்ட்ரி.

விருதுநகர் பருப்பு கடை: மூட்டை பிரிச்சு ஒரு கிலோ பாக்கெட் போடுறோம், ஸ்டாக் எப்படி?

ரீபேக்கிங் என்ட்ரின்னு கேட்டு வாங்குங்க. 50 கிலோ மூட்டை கழியும், 49 பாக்கெட் ஏறும், மிச்சம் 600 கிராம் லூஸ்ல ஏறும், 400 கிராம் சேதாரம்னு எழுதும். சேதாரத்த மறைக்காதீங்க, அதோட விலையும் பாக்கெட் அடக்கத்துல சேரணும். எடை மெஷின் அடிக்கிற லேபிள்ல பார்கோடு பெரும்பாலும் 2ல தொடங்கும், அதுக்குள்ளயே ஐட்டம் கோடும் எடையும் இருக்கும், பில்லிங் சாஃப்ட்வேர் அதப் பிரிச்சுப் படிக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க.

சேலம்: ஸ்கேனர் எங்க சாஃப்ட்வேருக்கு செட் ஆகுமா?

யூஎஸ்பி ஸ்கேனர் கீபோர்டு மாதிரிதான். நோட்பேட திறந்து ஸ்கேன் பண்ணுங்க, நம்பர் விழுந்தா ஆகும்.

நாகர்கோவில்: எப்ப ஆர்டர் போடணும்னு சிஸ்டமே சொல்லுமா?

சொல்லும், ஆனா கணக்கு நீங்க குடுக்கணும். ஒரு நாளைக்கு 6 போகுது, ஆர்டர் போட்டா வர 4 நாள், அது 24. வண்டி லேட்டானா சமாளிக்க ரெண்டு நாளைக்கு 12. ஆக இருப்பு 36 ஆனதும் ஆர்டர். தீபாவளி, பொங்கல் மாசத்துக்கு இந்த சராசரிய நம்பாதீங்க, போன வருஷம் அதே வாரம் என்ன போச்சுன்னு பாத்து மாத்துங்க.

ராணிப்பேட்டை: சார் நல்ல சாஃப்ட்வேர் ஒன்னு...

மேல படிங்க.

மதுரை ஜெனரல் ஸ்டோர்: இ-இன்வாய்ஸ் எங்களுக்கு உண்டா?

இ-இன்வாய்ஸ்னா பில்ல அரசு போர்ட்டல்ல பதிஞ்சு நம்பர் வாங்குறது. வருஷ விற்பனை 5 கோடி தாண்டுனா தான் அந்தப் பேச்சு. உங்க நிலைமை ஆடிட்டர் சொல்லட்டும்.

கோவில்பட்டி மளிகை: அண்ணே, ஸ்டாக் எண்ண கடைய மூடணுமா?

ஆரம்ப இருப்பு ஏத்துறப்ப ஒரு ஞாயித்துக்கிழம மூடித்தான் ஆகணும், அப்பாவும் பக்கத்துல இருக்கட்டும், எந்த மூட்டை எந்த மூலைல இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் மூட வேண்டாம். தினம் காலைல ஒரு ராக்கு மட்டும் எண்ணி சிஸ்டத்தோட ஒத்துப் பாருங்க. எண்ணெய் ராக்குல தொடங்குங்க, ஒழுகுறதும் அங்கதான், விலை கூடுனதும் அங்கதான்.