ஊசி மாற்றி ஊசி போட்டும் திரும்பும் மடிநோய்: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: மூன்றாம் ஈத்துக் கலப்பினப் பசு. வலப்பக்கப் பின்காம்பில் மடிநோய். ஊசி போட்டால் வீக்கம் வடிகிறது, இரண்டு வாரத்தில் பால் மறுபடி திரிகிறது. மூன்று மருந்து மாற்றியாயிற்று. இன்னும் வீரியமான மருந்து இருக்கிறதா?

பதில்: நான்காவது மருந்தைத் தேடாதீர்கள். முதலில் பாலைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புங்கள்; பாலில் உள்ள கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை அது.

அடங்கி அடங்கித் திரும்புவது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் வேலை. இதில் பல வகைகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைத் தாமே சுரக்கின்றன. அதோடு மடித் திசுவில் பிசின் போன்ற படலம் கட்டி உள்ளே பதுங்கும்; வெள்ளணுவுக்குள்ளும் புகுந்து உயிரோடு இருக்கும். ஆய்வகத் தட்டில் கேட்கிற மருந்துகூட மடியில் கேட்காமல் போவது இதனால்தான். பால் தெளிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்தினால், தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகும்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம்; எனவே கடைசி ஊசி எப்போது போட்டது என்று மருத்துவரிடம் சொல்லி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். மடியைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை தேயுங்கள். முதல் மூன்று நான்கு பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி பீய்ச்சி, உடனே மூடி, பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். சாணத் தூசி விழுந்தால் தட்டில் வேறு கிருமி வளரும், முடிவும் தப்பாகும். நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் போன்ற இடங்களில் கல்ச்சர் சோதனை செய்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டாலோ முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. மாதிரியை எடுத்துவிட்டு மருத்துவர் உடனே சிகிச்சை தொடங்கட்டும்.

முடிவில் கேட்கும் மருந்து எதுவோ அதை, மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். காம்பில் ஏற்றும் ட்யூப் என்றால், மடியை முழுவதும் கறந்தபிறகு, நுனியைச் சில மில்லிமீட்டர் மட்டுமே நுழைத்து ஏற்றுங்கள். ஆழமாகக் குத்தினால் காம்புத் துவாரத்தின் காப்புப் படலம் உரிந்து, புதுக் கிருமிக்கு வழியாகும்.

கூடவே மேற்பூச்சு: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்த விழுது. ஒரு கைப்பிடியில் நீர் கலந்து, கறந்து கழுவிய மடியில் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் தடவுங்கள். வீக்கம் தணிய உதவும். நாள்பட்ட கிருமியை இது மட்டும் ஒழிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அப்படியும் திரும்பினால், கறவை வற்றும் காலமே நல்ல வாய்ப்பு. கன்று ஈன 60 நாள் இருக்கும்போது ஏற்றும் நீண்டநாள் மருந்து, பாலோடு வெளியேறாமல் மடியிலேயே தங்கி வேலை செய்யும். அதிலும் தேறாத காம்பை நிரந்தரமாக வற்றவிடுவதே மற்ற மாடுகளுக்கு நல்லது. வருத்தமான முடிவுதான், ஆனால் கறக்கும் கை வழியாகத்தான் இது பரவுகிறது.

அதனால் நோய்மாட்டைக் கடைசியில் கறங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறங்கள். கறந்ததும் 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலில் காம்புகளை முக்கி எடுங்கள். துவாரம் மூட நேரமாகும் என்பதால், அரைமணி நேரமாவது மாடு படுக்காதபடி உடனே தீவனம் வையுங்கள். மருந்துக் காலத்திலும், லேபிளில் உள்ள விலக்கு நாட்களிலும் நான்கு காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.