அம்மாவுக்கு ஜூரி சம்மன்: காது மந்தம், சக்கர நாற்காலி, மனச்சோர்வு மாத்திரை. போகலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. முடக்குவாதத்தால் வெளியே போகச் சக்கர நாற்காலி வேண்டும். இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார். இந்த வாரம் கிரவுன் நீதிமன்றத்தில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, இருக்கச் சொல்லி அவர் பெயருக்குச் சம்மன் வந்தது. "மாற்றுத்திறனாளி, வயசானவங்கன்னு எழுதி அனுப்பு, விட்டுடுவாங்க" என்கிறான் தம்பி. அம்மாவோ போயே தீருவேன் என்கிறார். சட்டப்படி அவருக்குத் தகுதி உண்டா? நான் கூட இருக்கலாமா? ஆங்கிலம் பேசுவார், ஆனால் வேகமாகப் பேசினால் சில வார்த்தைகள் விட்டுப்போகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தருவார்களா?

பதில்: உங்கள் அம்மாவுக்குத் தகுதி இருக்கிறது. போக விரும்பினால் போகலாம். முடியாது என்று நினைத்தால் விலக்குக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலும் சம்மன் யார் பெயருக்கு வந்ததோ அவரைத் தவிர வீட்டில் மற்ற எல்லோரும் முடிவெடுத்துவிட்டிருப்பார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான அடிப்படைச் சட்டம் 1974-ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டம். வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கப்படுவதில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர்களும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் ஏறலாம், அதனால் அவர்களுக்கும் சம்மன் வரும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு. நான் இங்கே சொல்வது அங்கே பொருந்தாது.

தம்பி சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை முன்பு இருந்தது. 2003-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பிறகு 2016 டிசம்பரில் மேல் வயது வரம்பையும் 70-லிருந்து 75 ஆக்கினார்கள். எனவே 68 வயது என்பது இப்போது விலக்கே அல்ல.

"மாற்றுத்திறனாளி" என்பதும் தானாக விலக்கு ஆகாது. ஜூரிகள் சட்டத்தில் 9பி என்றொரு பிரிவு இருக்கிறது. உடல் குறைபாட்டால் ஒருவர் ஜூரியாகச் சரிவரச் செயல்பட முடியுமா என்று நீதிமன்ற அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், அவரை நீதிபதி முன் கொண்டுபோகலாம். நீதிபதி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: அந்தக் குறைபாட்டால் இவரால் சரிவரச் செயல்படவே முடியாது என்று நீதிபதி கருதினால் ஒழிய, சம்மனை உறுதி செய்தே ஆக வேண்டும். அதாவது "என்னால் முடியும்" என்று உங்கள் அம்மா நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் என்ற அளவில் நின்றால் அவர் பக்கமே தீர்ப்பு. சக்கர நாற்காலியைப் பார்த்தவுடன் "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்று வாசலில் யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால், "நீதிபதி முடிவெடுக்கட்டும்" என்று அம்மா அமைதியாகக் கேட்கலாம். அது அவருடைய உரிமை.

இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள். ஜூரி சேவையைத் தவிர்ப்பதற்காகப் பொய்யான காரணம் எழுதிக் கொடுப்பதும், காரணமில்லாமல் போகாமல் இருப்பதும் குற்றம். அபராதம் 1,000 பவுண்ட் வரை போகலாம். அம்மாவின் உடல்நிலை உண்மைதான், அதை எழுதுவதில் தப்பில்லை. ஆனால் போக முடிகிற, போக ஆசைப்படுகிற ஒருவரைப் பற்றி "முடியாதவர்" என்று மற்றவர்கள் எழுதுவது சரியல்ல.

சரி, நடைமுறைக்கு வருவோம். சம்மன் கிடைத்த ஏழு நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். இணையத்திலும் அனுப்பலாம், தாளிலும் அனுப்பலாம். அந்தப் படிவத்தில் உடல் குறைபாடு, தேவைப்படும் உதவி பற்றி எழுத இடம் இருக்கிறது. அங்கே "காது கேளாது, நடக்க முடியாது" என்று நோயை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். படிக்கிற அதிகாரிக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதுங்கள்: படி இல்லாத வழி, சக்கர நாற்காலியோடு போகக்கூடிய கழிவறை, ஜூரிகள் இருக்கும் பகுதியில் நாற்காலி நிற்க இடம், காதுக்கருவியோடு இணையும் ஒலி வசதி, மூட்டு இறுகாமல் இருக்க அவ்வப்போது இடைவேளை, மாத்திரை நேரம். பழைய நீதிமன்றக் கட்டடங்களில் ஜூரிகள் உட்காரும் இடத்துக்கே படியேறித்தான் போக வேண்டியிருக்கும். அந்தக் கட்டடத்தில் வசதி இல்லையென்றால் வசதியுள்ள வேறு நீதிமன்றத்தில் போடச் சொல்லியும் அதே படிவத்தில் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டிய கடமை நீதிமன்ற நிர்வாகத்துக்கு இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால்தான் செய்ய முடியும்.

காது விஷயத்தில் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சிக்கல் பலரும் நினைக்கும் இடத்தில் வருவதில்லை. விசாரணை மன்றத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். ஒலிவாங்கி இருக்கும், காதுக்கருவிக்கு நேராக ஒலியை அனுப்பும் லூப் வசதியோ அகச்சிவப்புக் கருவியோ ஏற்பாடு செய்ய முடியும். அம்மாவின் கருவியில் லூப் ஒலியை வாங்கும் அமைப்பு இருக்கிறதா, அது இயக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று காது மருத்துவப் பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள். பலருடைய கருவியில் அது அணைத்தே கிடக்கும். அங்கே போய் "லூப் வேலை செய்யலை" என்று குழம்பும்போது குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

கஷ்டம் வருவது ஜூரிகள் கலந்து பேசும் அறையில். ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், ஒலிவாங்கி கிடையாது, ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிப்பார். காதுக்கருவி எல்லாக் குரலையும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாக்கிக் கொடுக்கும். அந்த அறைக்கும் கையில் எடுத்துப் போகும் லூப் கருவி வேண்டும் என்று படிவத்திலேயே கேளுங்கள். உள்ளே போனதும் எல்லோருடைய முகமும் தெரியும் இடமாகப் பார்த்து, வெளிச்சம் தன் முதுகுப்பக்கம் இருக்கும்படி அம்மா நாற்காலியை நிறுத்தச் சொல்லட்டும். ஜூரித் தலைவரைத் தேர்ந்தெடுத்தவுடன், ஒவ்வொருவராகப் பேச வைக்கும்படி அவரிடம் நேராகக் கேட்கட்டும். அப்படியும் பிடிபடவில்லையா? நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம். விசாரணை நடக்கும்போது ஒரு சாட்சி சொன்னது காதில் விழவில்லை என்றாலும் இதே வழிதான், உடனே கையை உயர்த்தலாம். கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மட்டும் கூடவே கூடாது. ஒருவருடைய விடுதலை அந்த வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

மனச்சோர்வு மாத்திரை பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்கத் தேவையில்லை. முன்பு சட்டம் கொடுமையாகவே இருந்தது. மனநோய்க்காக மருத்துவரிடம் தொடர்ந்து சிகிச்சை பெறுகிறவர் என்றாலே தகுதி போய்விடும். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஒரு மாத்திரை எடுக்கிற எத்தனையோ பேரை அது ஒதுக்கி வைத்தது. 2013-ஆம் ஆண்டின் மனநலப் பாகுபாடு ஒழிப்புச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தகுதி இழப்பவர்கள் மனநலச் சட்டப்படி தடுத்து வைக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்கள், மனநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருப்பவர்கள், அந்தச் சட்டப்படி பாதுகாவலர் பொறுப்பிலோ வெளியில் கட்டாயச் சிகிச்சை ஆணையிலோ இருப்பவர்கள், ஜூரியாக முடிவெடுக்கும் மனத்திறன் இல்லாதவர்கள். வீட்டில் இருந்து மாத்திரை எடுக்கும் உங்கள் அம்மா இதில் எதிலும் வரமாட்டார். துக்கத்தைக் கிளறும் வழக்கு, உதாரணமாக ஒரு மரணம் பற்றிய வழக்கு, தனக்குத் தாங்காது என்று அவருக்குத் தோன்றினால், குழு தேர்ந்தெடுக்கும்போது ஊழியரிடமோ சீட்டு எழுதி நீதிபதியிடமோ சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளர் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சாட்சிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார், ஜூரிக்கு வரமாட்டார். ஆங்கிலம் போதுமான அளவு புரியவில்லை என்று தோன்றினால், ஜூரியை நீதிபதி விடுவிக்கலாம். இது உடல் குறைபாட்டோடு சேராத தனிப் பிரிவு. இந்த இரண்டையும் அம்மா தனக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகமாகப் பேசினால் விட்டுப்போவது காதாலா, மொழியாலா? தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்தியை எழுத்து வரிகளோடு போட்டுப் பாருங்கள். வரிகள் இருக்கும்போது எல்லாம் புரிகிறது என்றால் அது காது. அதற்கு ஏற்பாடு உண்டு. வரிகளைப் படித்தும் தடுமாறுகிறார் என்றால், அதைப் படிவத்தில் நேர்மையாக எழுதுவதே நல்லது.

நீங்கள் கூட இருப்பது பற்றி: நீதிமன்றம் வரை கொண்டு விடலாம், மாலையில் கூட்டி வரலாம். கலந்து பேசும் அறைக்குள் நீங்கள் போக முடியாது. பன்னிரண்டு பேரைத் தவிர வெளியாள் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது பழைய, கறாரான விதி. அம்மாவுக்குக் கழிவறைக்கோ சாப்பாட்டுக்கோ கை உதவி வேண்டுமென்றால், யார் செய்வார்கள் என்பதை முன்பே நீதிமன்றத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் "என்னம்மா நடந்தது?" என்று கேட்காதீர்கள். வழக்கு நடக்கும்போது அவர் அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. அறைக்குள் பேசிய விவரத்தைத் தீர்ப்புக்குப் பிறகு வெளியே சொல்வதும் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதற்கு மகள் என்ற விலக்கு இல்லை.

வெளியாள் விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சைகை மொழி பேசுகிறவர்கள். இதைப் படிப்பவர்களில் அவர்களும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். 1999-இல் வுல்விச் கிரவுன் நீதிமன்றத்தில் சைகை மொழி பேசும் ஒருவர் ஜூரியாக வந்தார். அவரால் வேலையைச் செய்ய முடியும் என்பதில் நீதிபதிக்கே சந்தேகம் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் பதின்மூன்றாவது ஆளாகிவிடுவார் என்பதால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அதே நிலைதான். 2022-ஆம் ஆண்டின் காவல்துறை, குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் சட்டம்தான் பிரிட்டிஷ் சைகை மொழி பெயர்ப்பாளரை அந்த அறைக்குள் அனுமதித்தது. அவர் கலந்துரையாடலில் தலையிடவும் கூடாது, கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. தகுதியும் மனதும் இருந்த மனிதர்களை இத்தனை காலம் வாசலிலேயே நிறுத்தியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அனுமதி இன்னமும் பிரிட்டிஷ் சைகை மொழிக்கு மட்டும்தான்.

கடைசியாக, அம்மாவே யோசித்து "இப்போ முடியாது" என்று சொன்னால். மூட்டு வலி ஏறி இறங்குகிற நோய் என்பதால், முழு விலக்கைவிடத் தள்ளிவைக்கக் கேட்பதே அவருக்குப் பொருத்தம். அடுத்த 12 மாதத்துக்குள் வேறு தேதிக்கு ஒரு முறை மாற்றித் தருவார்கள், எந்தத் தேதிகளில் முடியாது என்பதையும் எழுத வேண்டும். அறுவை சிகிச்சை ஏதும் வரவிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். அந்த ஒரு ஆண்டில் எப்போதுமே முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் விலக்குக் கேளுங்கள். மருத்துவர் கடிதம் இணைத்தால் பலம். மறுத்துவிட்டால் கிரவுன் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சேவை வழக்கமாகப் பத்து வேலை நாள். பயணச் செலவும் உணவுப்படியும் உண்டு. அவரைப் பார்த்துக்கொள்ள வழக்கத்துக்கு மேல் ஆள் வைக்க நேர்ந்தால் அந்தச் செலவையும் ஒரு வரம்புக்குள் கேட்டு வாங்கலாம். டாக்சி வேண்டுமென்றால் முதல் நாளைக்கு முன்பே நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிவிடுங்கள். அனுமதி இல்லாமல் போய்விட்டுப் பிறகு ரசீது நீட்டினால் பணம் கிடைக்காமல் போகலாம்.