தமிழ்நாட்டில் தங்கித் தொழில் செய்யும் ஆப்பிரிக்கர்கள் இங்கே நிறப் பாகுபாட்டைச் சந்திக்கிறார்களா?

சந்திக்கிறார்கள். நேரில் பழகியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

திருப்பூர் காதர்பேட்டையில் லாட் வியாபாரம் செய்கிறேன். என்னிடம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கிற நைஜீரிய நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். மார்க்கெட்டில் எல்லாரும் அவரை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இப்படி ஒரு பதில் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “எழுதுங்க. என்னைப் பாவப்பட்டவனா மட்டும் காட்டிறாதீங்க” என்றார்.

ஊர் தெரியாதவர்களுக்காக: ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியது, ஊசி ஓட்டை, சாயக் கறை என்று கழித்துக்கட்டியது, கேன்சல் ஆன ஆர்டர், எல்லாம் காதர்பேட்டைக்குத்தான் வரும். அதை வாங்கத்தான் நைஜீரியர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள். டி-சர்ட், லெக்கின்ஸ், குழந்தைத் துணி. பேலாக, அதாவது இறுக்கிய பெரிய மூட்டையாகக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பினால் கப்பலில் லாகோஸ் போய்ச் சேரும். சீஃப் இக்போ இனத்தவர். சொந்த ஊர் ஆபா, தையல் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். சின்ன வயதில் ஒரு துணி வியாபாரியிடம் சேர்ந்து, சம்பளமே இல்லாமல் சில வருஷம் உழைத்து, கடைசியில் முதலாளி கொடுத்த முதலை வைத்துத் தனிக்கடை போட்டவர். இக்போக்களிடம் இது காலங்காலமாக இருக்கிற முறை. இக்போக்கள் தனிநாடு கேட்டு நடந்த பியாஃப்ரா போர் 1970-இல் முடிந்தபோது கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள் மறுபடி தலையெடுத்ததற்கு இந்த முறைதான் பெரிய காரணம் என்பார். அவர் இதைச் சொன்ன அன்றைக்கு எங்கள் அப்பாவும் கடையில் இருந்தார். அப்பா பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷின் பட்டறையில், கைமடிக்கிற பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். “அட, இது நம்ம கதையேதானுங்க!” என்று அவர் தோளைத் தட்டினார்.

அந்த அப்பாவே, எங்கள் பழைய வீட்டு மாடி காலியானபோது, “சீஃப்புக்குக் கொடுக்கலாமா?” என்று நான் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்லவில்லை. “வேற ஆள் வராமயா போயிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மார்க்கெட்டில் சீஃப்பின் வாய் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. சரக்கு ஏற்றிவிட்டு மீதிப் பணத்துக்கு ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அதுவும் லட்சக்கணக்கில். அதே கடைக்காரரிடம் போய் எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். அவருக்கு உடனே சம்சாரம் ஞாபகத்துக்கு வந்துவிடுவார், பக்கத்து வீடு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஒரு தடவை இங்கே திருப்பூர் ராயபுரம் பக்கம் டு-லெட் போர்டு பார்த்துவிட்டு நானும் அவரும் போனோம். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்து, சீஃப்பின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். சீஃப்புக்குக் கொங்குத் தமிழ் ஓரளவு வரும். “போர் தண்ணி எப்பவும் வருங்ளா?” என்று கேட்டதும் அந்தம்மா சிரித்துவிட்டார். சாவியை எடுத்துவந்து மாடியைத் திறந்தும் காட்டினார். கடைசியில் வாசல்வரை வந்து, என்னைப் பார்த்து, “பையன் துபாய்ல இருக்கானுங்க, அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். அவ்வளவு நேரம் சீஃப்போடு பேசிக்கொண்டிருந்தவர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னிடம் சொன்னதை நான் கவனித்தேன். போன் வரவில்லை. போர்டு அதற்கப்புறமும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வண்டியில் திரும்பும்போது சீஃப் சொன்னார்: “அவங்க பையனுக்குத் துபாய்ல எப்படி வீடு கெடச்சுதுன்னு கேட்டிருக்கலாம்.”

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பதியாவிட்டால் வீட்டுக்காரர் மேலேயே வழக்கு வரும். விசா முடிந்தும் தங்கியிருந்த ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள், போதைப்பொருள் வழக்கும் ஆன்லைன் மோசடி வழக்கும் வந்திருக்கின்றன. நைஜீரியர்களே நேரடியாகக் கம்பெனிகளில் சரக்கெடுத்து நம் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்று காதர்பேட்டையில் புலம்புகிறவர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் புலம்பியவன்தான்.

ஆனால் கணக்குப் போடுகிற விதத்தைப் பாருங்கள். எங்கோ ஒருவர் பிடிபட்டால் பேப்பரில் ‘நைஜீரியர் கைது’ என்று வரும். அன்று சாயங்காலமே இங்கே நாலு வீட்டுக்காரர்கள் நாலு பேரைக் காலி பண்ணச் சொல்வார்கள். கானாக்காரர், ஐவரி கோஸ்ட்காரர் எல்லாரும் நமக்கு நைஜீரியர்தான். இதே திருப்பூரில் 2009-இல் பாசி என்ற நிதி நிறுவனத்தின் மோசடி வெடித்தது. 930 கோடி ரூபாய். 2022-இல்தான் தீர்ப்பு வந்து 27 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். திருப்பூர்க்காரன் என்பதற்காக எனக்குக் கோயமுத்தூரில் யாரும் வீடு மறுத்ததில்லை. சீஃப் மட்டும், தான் முகம்கூடப் பார்த்திராத ஒருவனுக்காகத் தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கிறது. வசவுச்சொல்லைவிட இதுதான் சுமை என்பார். வசவு வந்தால் திருப்பித் திட்டிவிடலாமாம்.

மற்றதெல்லாம் அவருக்குப் பழகிப்போன விஷயங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசியாகத்தான் நிரம்பும். கால் நீட்டிக்கொள்ள வசதி என்று அதற்கும் ஒரு சிரிப்பு. குழந்தைகள் தலைமுடியைத் தொட்டுப்பார்த்தால் குனிந்து காட்டுவார். பெரியவர்கள் கேட்காமல் செல்ஃபி எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘நீக்ரோ’ என்று சாதாரணமாகச் சொல்கிறவர்கள் நம்மில் இன்னும் நிறைய. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் பிடிக்காது. முடிவெட்ட நம் சலூன்களில் யாருக்கும் சரியாக வராது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள்.

சாப்பாடு ஒன்றில்தான் அவருக்கு இந்த ஊரில் குறையே இல்லை. அவர்கள் ஊர்க் களியான ஃபுஃபுவுக்குப் பதிலாக ரவையைக் கொதிநீரில் கொட்டிக் களியாகக் கிண்டிவிடுவார். வெண்டைக்காயை அரைத்த மாதிரி பொடியாக நறுக்கி, கருவாடு போட்டு ஒரு குழம்பு. செம்பனை எண்ணெய் மட்டும் ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாள் ராகிக்களியும் கீரைக்கடைசலும் போட்டோம். விரலால் உருட்டிக் குழியாக்கி, கடைசலைத் தொட்டு, மெல்லாமலே விழுங்கினார். எங்கள் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்துப் பசங்களுக்குக் களி திங்கத் தெரியாது, இவருக்குத் தெரியுது பாரு” என்று இன்னொரு உருண்டை வைத்தார்.

அவர் கத்தோலிக்கர். தமிழ்ப் பூசைக்குப் போவார். பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் ஒன்று வரும். அவர் ஊரில் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், கட்டிக்கொள்வார்கள். இங்கே எல்லாரும் கைகூப்பித் தலையசைப்பார்கள். “ரொம்ப வசதியான பழக்கம்” என்றார் ஒரு தடவை. மரியாதையாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். “யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை பாருங்க” என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த ஊரில் தொடாமல் இருப்பதற்கு எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டீக்கடைகளில் தனி டம்ளர் இருந்த கதையை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களிடமே அவர் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்.

2016 மே மாதம் டெல்லியில் ஆட்டோ பிடிப்பதில் தகராறாகி ஒரு காங்கோ இளைஞரை அடித்தே கொன்றார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில், ஒரு பையன் இறந்ததை வைத்து வதந்தி கிளம்பி, நைஜீரிய மாணவர்களைக் கூட்டமாக விரட்டி அடித்தார்கள். அந்த இரண்டு தடவையும் ஆபாவிலிருந்து அவர் மனைவி அழுதுகொண்டு போன் செய்தார். “திருப்பூர் அங்கேயிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டர்” என்று இவர் சமாதானம் சொன்னார். சொன்னாரே தவிர, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொஞ்ச நாள் வெளியே வரவில்லை.

நொய்டா விவகாரத்துக்குப் பிறகுதான் தருண் விஜய் அந்தப் பேட்டியைக் கொடுத்தார். திருக்குறள், வள்ளுவர் சிலை என்று நமக்கு நன்கு அறிமுகமான பாஜக முன்னாள் எம்.பி. நாங்கள் இனவெறியர்கள் என்றால் தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம், எங்களைச் சுற்றிக் கறுப்பு மனிதர்கள் இருக்கிறார்களே என்கிற மாதிரிப் பேசினார். தமிழ்நாடே கொதித்தது, அவர் மன்னிப்பும் கேட்டார். கடையில் நானும் கொதித்துக்கொண்டிருந்தேன். சீஃப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவர் உங்களை மட்டமாப் பேசினதுக்குக் கோபமா, இல்ல, என்னோட சேர்த்துப் பேசினதுக்கா?”

முதலாவதுதான் என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. எதிரில் இருந்த மெடிக்கலில் சிவப்பழகு கிரீம் விளம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, “எங்க ஊர்லயும் இது ஓஹோன்னு விக்குது, அந்த விஷயத்துல நாம ஒண்ணுதான்” என்று பேச்சை மாற்றிவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது இது. தன் ஊரை உயர்த்திப் பேச மாட்டார். இக்போக்காரனுக்கு நைஜீரியாவின் வடக்கே ஹவுசா இனத்தவர் பகுதியில் வீடு கிடைப்பது என்ன லேசா என்று அவரே கேட்பார். நம் ஊரில் ‘வடக்கன்’ என்று பீகார் பையன்களைத் தனியாக லைன் வீட்டில் வைக்கிறோமே, அது அவருக்குப் புதுசே இல்லையாம்.

லாகோஸில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், தமிழர்கள் உட்பட. சீஃப் அவர்களோடு பழகியிருக்கிறார். கேட் போட்ட காம்பவுண்டு, டிரைவர், சமையல்காரர். கூட வேலை செய்கிற உள்ளூர்க்காரரை வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்களாம். “அங்கயும் நீங்கதான் கதவைச் சாத்துறீங்க, இங்கயும் நீங்கதான் சாத்துறீங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லாகோஸில் நிறுவனத்தில் வேலை பார்க்கிற என் மச்சானிடம் இதைச் சொன்னேன். பாதுகாப்புக்காகக் கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது என்றான். அதுவும் பொய் இல்லை.

இப்போது திருப்பூரில் ஆப்பிரிக்கர்கள் முன்பு மாதிரி இல்லை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். நிறத்தைவிட நைஜீரிய நாணயமான நைராதான் இதற்குக் காரணம். 2023 ஜூனில் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டதும், டாலருக்கு ஐந்நூறுக்குள் இருந்த நைரா அடுத்த வருஷமே ஆயிரத்தைந்நூறைத் தாண்டியது. மூன்று பேல் வாங்கிய காசுக்கு ஒன்றுதான் வரும். நிறையப் பேர் வாட்ஸ்அப் வீடியோவில் லாட் பார்த்து எடுக்கிறார்கள். சீஃப் மட்டும் துணியைத் தொட்டுப் பார்க்காமல் எடுப்பதில்லை என்று இன்னும் பிடிவாதமாக வந்துபோகிறார்.

அவர் இப்போது இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். அதனால் மறுபடி வீடு தேடுகிறோம். காதர்பேட்டைக்கு நடக்கிற தூரத்தில், இரண்டு ரூம், போர் தண்ணீர், வாடகை பன்னிரண்டாயிரம் வரை. பாஸ்போர்ட், விசா நகல் தயார், சி-ஃபார்மை நானே உட்கார்ந்து ஆன்லைனில் போட்டுத் தருகிறேன். கருவாடு சமைப்பார், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். எங்கள் மாடியைக் கேட்காதீர்கள், அதில் ஒரு பேங்க்காரர் குடிவந்துவிட்டார்.