டம்ளர் நடுங்கினால் உடனே கிளம்புங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. என் சிறுநீரகத்தை அவருக்கு வைத்து 8 மாதம் ஆகிறது. 12 நாளாகத் தண்ணீராகப் போகிறது. மலப் பரிசோதனையில் பூச்சி முட்டை, சிஸ்ட் என்கிற ஒட்டுண்ணிக் கூடு எதுவும் இல்லை என்று வந்தது. பூச்சி மாத்திரையும், பேதியை நிறுத்தும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குப் பூச்சி சிறுநீரகத்தையே தின்றுவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். வீட்டு நாயைக் கொடுத்துவிடலாமா? அவருக்கு ரொம்பச் சோர்வு, காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது.

பதில்: நீங்கள் கொடுத்த சிறுநீரகத்தைப் பூச்சி தின்னாது. கடைசி வரியில் சோர்வோடு சேர்த்துப் போகிற போக்கில் கை நடுக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் பிடித்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். விழுங்கும் அளவு முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் சுவரே அதில் ஒரு பங்கைச் சிதைக்கும், ஒரு பங்கைத் திருப்பி வெளியே தள்ளும். வயிற்றுப்போக்கில் அந்தச் சுவர் புண்ணானால் காவல் போய்விடும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். முதலில் கை நடுங்கும். அப்புறம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உடலில் நீரும் வற்றிக் கிடக்கும்போது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறாமல் என்ன செய்யும்? பயப்பட வேண்டியது இதற்குத்தான். நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

ஆகவே ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் அன்றே பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். கையோடு எடுத்துப் போய், ரத்தம் எடுத்த பிறகு போடட்டும். முன்பே போட்டால் வருகிற எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பேதிக்குக் காரணம் என்ன? உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட் மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சைட்டோமெகலோ வைரஸாக இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். நல்ல உடம்புக்காரர்களிடம் அது இரண்டொரு வாரத்தில் தானே போய்விடும், இவரைப் போன்றவர்களிடம் இழுத்தடிக்கும். 4, 5 மைக்ரான் அளவுதான் இருக்கும், வழக்கமான மலப் பரிசோதனையில் கண்ணில் படாது. தனிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும், வெவ்வேறு நாளில் மூன்று முறை. உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றால், தேடாததைக் காணோம் என்றுதான் அர்த்தம்.

நீங்கள் கொடுத்த பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரை இன்னும் மோசம், உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கும். மருந்துக் கடைக்காரருக்கு இவர் ரத்தத்தில் உள்ள டாக்ரோலிமஸ் அளவு தெரியுமா? கிரிப்டோஸ்போரிடியம்தான் என்று தெரிந்தால் நிட்டாசாக்சனைடு கொடுப்போம். பல நேரம் அது மட்டும் போதாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் குறைக்க வேண்டிவரும். குறைப்பது எங்கள் வேலை. பேதி நிற்கட்டும் என்று நீங்களாக ஒரு வேளை நிறுத்தினாலும், உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டுபிடித்துவிடும் அபாயம் உண்டு.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். இந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் உறைக்காது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்து அனுப்பிய குழாய்த் தண்ணீரிலேயே வந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

நாய் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் கழிவை அள்ளும் வேலை மட்டும் இனி அவருடையதல்ல.