குளிர்காலத்தில் மராகேஷ் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

மொராக்கோவின் மராகேஷ் நகரத்தில் மூன்று குளிர்காலம் இருந்திருக்கிறேன். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வாரம். கோடையில் ஒருநாள்கூட இருந்ததில்லை, அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் போடுகிறேன்.

கேள்வி: அக்கா, லண்டனிலிருந்து ஜனவரியில் நான்கு நாள் போகிறோம். ஆப்பிரிக்காதானே, டீஷர்ட் போதுமா?

எல்லாரும் செய்கிற முதல் தப்பு இதுதான், நானும் செய்தேன். ஜனவரியில் பகல் வெப்பநிலை 18, 19 டிகிரி வரை போகும், வெயிலில் உட்கார்ந்தால் டீஷர்ட்டே போதும். அதே தெருவில் நிழல் பக்கம் நான்கு அடி நகர்ந்தால் ஸ்வெட்டரைத் தேடுவீர்கள். இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். லண்டன்காரர்களுக்கு 5 டிகிரி ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். லண்டனில் வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. தடிமனான மண் சுவர், ஓடு பதித்த தரை, வானம் பார்த்த முற்றம் எல்லாமே கோடையின் 40 டிகிரியைத் தாங்கக் கட்டியவை. குளிர்காலத்தில் அதே வீடு ஐஸ் பெட்டி. மதியம் மூன்று மணிக்குத் தெருவில் வியர்த்துவிட்டு அறைக்குள் போனால் மூக்கு நுனி சில்லென்று ஆகும். முதல் ராத்திரி நான் கோட்டோடுதான் தூங்கினேன். காலையில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சிரித்துக்கொண்டே இரண்டாவது கம்பளியும் ஒரு வெந்நீர்ப் பையும் கொண்டுவந்து வைத்தார். அதனால் மூட்டை கட்டும்போது வெளியே சுற்றுவதற்கு மட்டும் பார்க்காமல் வீட்டுக்குள் இருப்பதற்கும் சேர்த்துக் கட்டுங்கள். தடி சாக்ஸ், வீட்டுச் செருப்பு, உள்ளே போடும் தெர்மல். மறந்துவிட்டால் அங்கேயே கம்பளி ஜெல்லாபா ஒன்று வாங்கிவிடுங்கள். தொப்பி வைத்த நீள அங்கி, ஊர்க்காரர்கள் போடுவதுதான். என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் ரியாத் வேண்டாம், ஹோட்டலே மேல் என்கிறீர்களா?

இல்லை இல்லை. ரியாத் என்பது நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு, அதில் தங்காமல் மராகேஷ் போவதில் எனக்குப் பாதி ருசி போய்விடும். பதிவு செய்வதற்கு முன் ஒரு செய்தி அனுப்பி, அறைக்குள் சூடாக்கும் ஏசி இருக்கிறதா, அதை இரவு முழுக்கப் போட விடுவார்களா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்பதில்லை. முற்றத்தில் நீச்சல் தொட்டி இருக்கும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், ஜனவரியில் அதில் கால் விரல் வைத்தாலே போதும் என்றாகிவிடும். முடிந்தால் மேல்மாடி அறையாகக் கேளுங்கள், வெயில் படும். பெரும்பாலான ரியாத்களில் மொட்டைமாடி உண்டு. காலை உணவை அங்கே கேட்டால் தூரத்தில் பனி மூடிய அட்லஸ் மலை தெரியும். கோடையின் புழுதிமூட்டத்தில் அந்தக் காட்சி இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்று அந்த அம்மா சொல்வார்.

கேள்வி: விடியற்காலை போட்டோ எடுக்கப் பிடிக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

நன்றாகத் தூங்கிவிட்டே கிளம்புங்கள். ரமலான் மாதம் தவிர மொராக்கோவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கும். அதனால் ஜனவரியில் சூரியன் எழுவதே எட்டரைக்கு, இறங்குவது மாலை 6.40 வாக்கில். ஒன்பது மணிக்குப் போனால்கூட மெதீனா, அதாவது மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர், பாதிக் கதவு சாத்தித்தான் இருக்கும். அந்த நேரத்தில் மதிலின் சிவப்பு மண் மேல் சாய்வாக வெளிச்சம் விழும், அதற்காகவே போகலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பட்டினி இல்லை, ஆனால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். மண்சட்டியில் மூடி வேகவைக்கும் காய்கறி தஜீன், ரவை மாதிரி இருக்கும் ஏழு காய் போட்ட குஸ்குஸ் என்று எல்லா உணவகமும் வைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால் பல இடங்களில் இறைச்சியோடு சேர்த்து வேகவைத்துவிட்டுக் காயை மட்டும் தனியாக எடுத்து வைப்பார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். ‘பிலா ல்ஹம்’, இறைச்சி இல்லாமல் என்று சொன்ன பிறகும், குழம்பு எதில் வைத்தது என்று ஒருமுறை கேளுங்கள். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சித் துண்டு இருக்கும். கவலையில்லாமல் சாப்பிடலாம் என்றால் கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஸாலூக், வெள்ளைக் காராமணி மாதிரி இருக்கும் லூபியா, அப்புறம் மெஸ்மன். மெஸ்மனைப் பார்த்தால் பரோட்டாவுக்குத் தங்கச்சி என்பீர்கள், சதுரமாக மடித்து, தேனோ வெண்ணெயோ தடவித் தருவார்கள்.

ஆனால் குளிர்காலத்து ராஜா பிஸாரா. உலர்ந்த ஃபாவா மொச்சையை வேகவைத்துக் கடைந்த கஞ்சி, மேலே ஆலிவ் எண்ணெய் குளம் கட்ட ஊற்றி, சீரகப்பொடி தூவி, ஒரு ரொட்டியோடு. காலையில் கூலிக்காரர்கள் சாப்பிடும் சின்னக் கடைகளில்தான் கிடைக்கும். காரம் சுத்தமாக இருக்காது, ஊறுகாய்ப் பாக்கெட் எடுத்துப் போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஆரஞ்சுக்கும் இதுதான் பருவம், மெதீனாவின் பெரிய மைதானமான ஜமா எல் ஃப்னாவில் வண்டி வண்டியாகப் பிழிந்து தருவார்கள். தெருவோர மரங்களில் காய்த்துத் தொங்குவதைப் பறித்துவிடாதீர்கள், அது கசப்பு ஆரஞ்சு, கிட்டத்தட்ட நாரத்தங்காய்.

கேள்வி: பெண் ஒருத்தியாகத் தனியே போகலாமா? பயமுறுத்துகிறார்கள்.

போகலாம், நானே தனியாகத்தான் போனேன். ஆபத்தை விடத் தொல்லைதான் அதிகம். ‘ஷாருக் கான்!’ என்று கத்தியே பத்துக் கடைக்காரர் கூப்பிடுவார்கள், அது வியாபாரம், சிரித்துவிட்டுப் போகலாம். ‘இந்த வழி மூடியிருக்கிறது, மைதானம் அந்தப் பக்கம்’ என்று ஒரு பையன் வழிகாட்ட வருவான், வழி மூடியிருக்காது. அவன் பின்னால் போனால் ஏதோ தோல் கடையில் முடிந்து கடைசியில் காசு கேட்பான். ‘லா ஷுக்ரான்’, வேண்டாம் நன்றி என்று சொல்லி, நிற்காமல், முகம் பார்க்காமல் நடந்துகொண்டே இருங்கள். மைதானத்தில் மருதாணிக்காரம்மா கையைப் பிடித்து இழுத்து, கேட்காமலே பூ வரைய ஆரம்பித்துவிடுவார், பிறகு விலை சொல்வார். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது நல்லது. கறுப்பு மருதாணி என்றால் சாயம் கலந்தது, தோல் கொப்பளிக்கும், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இருட்டிய பிறகு சந்துகளில் ஆள் நடமாட்டம் சட்டென்று குறையும், தங்கும் இடம் மெதீனாவின் பெரிய வாசலுக்குப் பக்கமாக இருந்தால் நிம்மதி.

இன்னொரு சொல், ‘பாலக்!’. பின்னால் கழுதை வண்டியோ மோட்டார் பைக்கோ வருகிறது, ஒதுங்கு என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கு மட்டும் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று நாளில் சஹாரா பாலைவனம் பார்த்துத் திரும்பிவிடலாமா?

பார்க்கலாம், பெரும்பாலும் வேன் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். மணல்மேடு இருக்கும் மெர்ஸூகா 550 கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை வேறு, ஒரு வழிக்கே ஒன்பது பத்து மணி நேரம். குளிர்காலத்தில் கூடுதல் தலைவலி என்னவென்றால் டிஷ்கா கணவாயைத் தாண்டியாக வேண்டும். உயரம் சுமார் 2,260 மீட்டர், பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள். ஒரு பிப்ரவரியில் நான் திரும்பி வரும்போது கணவாய்க்கு முன்னால் இருக்கும் வர்ஸாஸாத் ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் லாரி வரிசை, டீக்கடையில் எல்லாரும் கூடி வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஒரு ராத்திரி அங்கேயே போயிற்று. மறுநாள் விமானம் இருந்த ஒரு ஜோடியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் பாலைவனத்தைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள், திரும்பிய பிறகு ஒருநாளாவது மராகேஷில் மிச்சம் இருக்கட்டும். கூடாரத்தில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

நான்கு நாள்தான் என்றால் பாலைவனத்தை விட்டுவிடுங்கள். பஸ் பிடித்து மூன்று மணி நேரத்தில் எஸ்ஸவீரா போய் அட்லாண்டிக் கடலையும் மீன்பிடித் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். முகத்தில் காற்று அறையும், இருந்தாலும் மனசு லேசாகும்.

கேள்வி: குழந்தைகள் பனி பார்த்ததே இல்லை. அங்கே பார்க்கலாமா?

உகைமெதன் போங்கள். மராகேஷிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், 2,600 மீட்டர் உயரத்தில் பனிச்சறுக்கு இடம். பனிச்சறுக்குப் பலகைகளைக் கழுதை சுமந்து போவதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அதுவே போதும். எல்லா வருஷமும் பனி ஒரே மாதிரி இருக்காது, கிளம்புவதற்கு முந்தின நாள் ரியாத்காரரிடம் நிலவரம் கேட்டுவிட்டு வண்டி பேசுங்கள். வட ஆப்பிரிக்காவின் உயரமான சிகரம் தூப்கால், 4,167 மீட்டர், அதுவும் அந்த மலைத்தொடரில்தான். குளிர்காலத்தில் அதில் ஏற நினைப்பவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா?

வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் வேண்டும். பிரிட்டிஷ், கனடா, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2022 முதல் இணையவழி விசா கொடுக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு அது பொருந்துமா என்பதை மொராக்கோ அரசின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள், அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தரகர் தளங்கள் நிறைய.

கேள்வி: டாக்ஸி, காசு விஷயம்?

ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏறலாம், நான்கு பேர் குடும்பம் என்றால் பெரிய டாக்ஸி பேசவேண்டும். மீட்டர் போடு என்றால் பாதிப் பேர் போடமாட்டார்கள், ஏறுவதற்கு முன் விலை பேசி முடித்துவிடுங்கள். மொராக்கோ பணமான திர்ஹமை உங்கள் ஊரிலிருந்தே மாற்றிக்கொண்டு போக முயற்சி செய்யாதீர்கள், அங்கே இறங்கி ஏடிஎம்மில் எடுத்தால் போதும். சில்லறை நோட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். கடைத்தெருவில் பேரம் பேசும்போது நீங்கள் ஒரு விலை சொல்லி அவர் சரி என்றுவிட்டால் வாங்கியே ஆகவேண்டும், அதற்குப் பிறகு நழுவுவதுதான் அங்கே மரியாதைக்குறைவு.

கேள்வி: ட்ரோன்?

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமான நிலையத்திலேயே பிடித்துவைத்துவிடுவார்கள்.

கேள்வி: நிலநடுக்கத்துக்குப் பிறகு பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

2023 செப்டம்பர் 8 இரவு வந்தது, 6.8 அளவு. மலைக் கிராமங்கள்தான் நொறுங்கின, உயிர்கள் போனதும் பெரும்பாலும் அங்கேதான். மெதீனாவில் சில பகுதிகள் அடிபட்டன. 12ஆம் நூற்றாண்டுக் கூதூபியா பள்ளிவாசலின் 77 மீட்டர் கோபுரம் விழாமல் நின்றது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போகமுடியாது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து பார்க்கலாம். பாஹியா அரண்மனை, பென் யூசுஃப் மதரஸா எல்லாம் போய்ப் பார்க்கலாம். மஜோரெல் தோட்டத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி: பிப்ரவரியில் ரமலான் வருமாமே, போகலாமா?

ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், 2027இல் பிப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். பகலில் சின்ன உணவகங்கள் மூடியிருக்கும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், செல்போன் குழம்பும். சூரியன் இறங்கும் நேரத்தில் மட்டும் டாக்ஸி தேடாதீர்கள், கிடைக்காது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், இரண்டாம் தடவை என்றால் கண்டிப்பாகப் போங்கள்.

கேள்வி: ஹம்மாம் போகவேண்டுமா? நான் அசைவம், கூடவே ஒரு சாப்பாடும் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் ஒரே பதில்தான், கேளுங்கள். ஹம்மாம் என்பது பொது நீராவிக் குளியல் கூடம். தெரு ஹம்மாமுக்குப் போங்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம். ஆலிவில் செய்த கறுப்பு சோப்பைப் பூசி, சொரசொரப்பான கையுறையால் ஒரு அம்மா தேய்த்துவிடுவார், அழுக்கு நூல் நூலாக உருளுவதைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஒரு வாரக் குளிர் எலும்பிலிருந்து இறங்கியது எனக்கு அங்கேதான். முடித்துவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். தண்ணீர் காய்ச்சும் உலை அங்கே இருக்கும், ஒருவர் மரத்தூளை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் பக்கத்துச் சாம்பலில் குடம் மாதிரி மண் ஜாடிகள் கழுத்தளவு புதைந்திருக்கும். அதுதான் தஞ்சியா. இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறவைத்த எலுமிச்சை எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, காலையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கு ஜாடி கிடையாது, பரவாயில்லை, தஞ்சியா விற்கும் கடைகள் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்திலேயே உண்டு. மதியத்துக்குள் போங்கள், பிறகு தீர்ந்துவிடும்.