எம்பர் டேட்டா: சேவ் செய்யாத ரெக்கார்டை என்ன செய்வது?

எம்பர் என்பது பிரவுசரில் ஓடும் செயலிகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு. எம்பர் டேட்டா அதன் தரவு நூலகம்; சர்வரில் இருக்கும் ஒரு பொருளுக்குப் பிரவுசரில் அது வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்தான் ரெக்கார்ட். கேள்வியில் மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். திருத்தும் பக்கத்தில் எதையாவது மாற்றிவிட்டு சேவ் பண்ணாமல் திரும்பினால், பட்டியலில் மாறிய மதிப்புதான் தெரிகிறது. ரீஃப்ரெஷ் செய்தால்தான் பழையது வருகிறது. ‘புதியது’ பட்டனை அழுத்திவிட்டு மனம் மாறித் திரும்பினால் பட்டியலில் ஒரு வெற்று வரி நிற்கிறது. அழித்த ரெக்கார்ட் ஒன்றில் ‘டெலீட்டட்.சேவ்ட் நிலையில் டிட்செட்பிராப்பர்ட்டி நிகழ்வைக் கையாள முயன்றது’ என்று பிழை வருகிறது. ரெக்கார்டின் நிலைகளை ஒழுங்காகக் கையாள என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எனக்கு அது புரிந்த விதத்தையே முதலில் சொல்கிறேன், அப்போது மீதி எளிதாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஜவுளி மொத்த வியாபாரி ஒருவருக்கு எம்பரில் பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அவருடைய கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “தம்பி, பில்லுல வேட்டி ரேட் 430-ன்னு அச்சாகியிருக்கு. லெட்ஜர்ல 480-ன்னு ஏறியிருக்கு. எதை வச்சுக்கிறது?” இருபது வேட்டி, ஆயிரம் ரூபாய் வித்தியாசம். சர்வர் பக்கம் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் லாக் எல்லாம் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்கே போய், பில் போடும் பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் ஒரு வாடிக்கையாளர் பேரம் பேசினார். பையன் சரக்கு திருத்தும் பக்கத்தைத் திறந்து, ரேட் கட்டத்தில் 430 என்று அடித்தான். கீழே லாபம் எவ்வளவு நிற்கிறது என்று அந்தப் பக்கமே கணக்குப் போட்டுக் காட்டும். கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் தலையை ஆட்டிவிட்டு, சேவ் அழுத்தாமல் மேலே இருந்த ‘பில்’ என்பதைத் தட்டினான். பில் பக்கம் திறந்தது. வேட்டிக்கு நேராக 430. பில்லை நாங்கள் பிரவுசரிலேயே அச்சிட்டோம்; சர்வருக்குச் சரக்கின் ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் போகும், ரேட்டை அது தன்னிடம் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் காகிதத்தில் ஒன்று, லெட்ஜரில் ஒன்று. பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

எம்பர் டேட்டா ரெக்கார்டுகளைப் பிரவுசரின் நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அதில் ஒரே வகை, ஒரே ஐடி என்றால் ஒரே ஆப்ஜெக்ட்தான். சரக்கு 12-ஐப் பத்து பக்கங்களில் கேட்டாலும் பத்துக்கும் அந்த ஒன்றே போகும். எங்கே திருத்தினாலும் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? திருத்தும் பக்கத்தின் கட்டங்களை நேராக அந்த ரெக்கார்டின் மேலேயே கட்டிவிடுகிறோம். பயனருக்கு அது கிறுக்கிப் பார்க்கும் தாள். ஸ்டோருக்கு அது எல்லோரும் பார்க்கும் பலகை. ஆகவே ஒரு பக்கம் ரெக்கார்டைத் திறந்தால், அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறும்போது ரெக்கார்ட் எந்த நிலையில் வெளியே போகிறது என்பதற்கு அந்தப் பக்கமே பொறுப்பு. சேவ் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பழையபடி திரும்பியிருக்க வேண்டும். நடுவில் தொங்கக் கூடாது.

இதைச் செய்ய உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரெக்கார்டின் ஆட்ரிபியூட்டுகள், அதாவது பெயர், ரேட் மாதிரியான மதிப்புகள், மூன்று அடுக்காக இருக்கின்றன. அடியில் சர்வர் கடைசியாகச் சொன்ன மதிப்புகள். நடுவில் சேவ் அழுத்தி, சர்வருக்குப் போகும் வழியில் இருப்பவை. மேலே நீங்கள் மாற்றி இன்னும் அனுப்பாதவை. ஒரு மதிப்பைப் படிக்கும்போது மேல் அடுக்கில் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நடு, அதுவும் இல்லையென்றால் அடி. சேவ் அழுத்தியதும் மேலடுக்கு நடுவுக்கு இறங்கும். சர்வர் சரி என்றால் நடு அடியோடு கலந்துவிடும். சர்வர் மறுத்தால் நடுவில் இருந்தது மறுபடி மேலே ஏறும். அதற்குள் அதே கட்டத்தில் நீங்கள் புதிதாக ஏதாவது அடித்திருந்தால் புதியதுதான் நிற்கும், பழைய முயற்சி அதை மூடாது. சேவ் போய்க்கொண்டிருக்கும்போது பயனர் தட்டச்சு செய்தது ஏன் தொலைவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். அதேபோல, நீங்கள் ரேட்டை மாற்றி வைத்திருக்கும்போது பின்னணியில் சர்வரிலிருந்து புதுத் தரவு வந்தால் அடியடுக்குதான் மாறும், உங்கள் 430 மேலே அப்படியே நிற்கும். எங்கள் கடையில் நடந்ததும் இதுதான். ஐடி கொடுத்து ரெக்கார்டைக் கேட்கும் ஃபைண்ட்ரெக்கார்ட், கையில் இருப்பதை உடனே கொடுத்துவிட்டுப் பின்னணியில் மறுபடி சர்வரைக் கேட்கும். கேட்டது, 480 என்று வந்தது, அடியில் போய் உட்கார்ந்தது. திரையில் 430 மாறவே இல்லை.

மேலடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரிய சேஞ்ச்டுஆட்ரிபியூட்ஸ் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழையதும் புதியதும் ஜோடியாக வரும். ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் அந்த மேலடுக்கை எடுத்துப் போட்டுவிடும். பயனரே 430-ஐ மறுபடி 480 ஆக்கினால் ரெக்கார்ட் தானாகவே சுத்தமாகிவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் ஆட்ரிபியூட் ஒரு அர்ரேயாகவோ ஆப்ஜெக்டாகவோ இருந்து, அதற்குள்ளேயே எதையாவது சேர்த்தால் எம்பர் டேட்டாவுக்குத் தெரியாது. புதிதாக ஒரு அர்ரே செய்து அதை வைத்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும்.

நிலைகளின் பெயர்கள் பழைய பதிப்புகளில் நீளமாக இருக்கும்: லோடட்.சேவ்ட், லோடட்.அப்டேட்டட்.அன்கமிட்டட், லோடட்.கிரியேட்டட்.இன்ஃபிளைட், டெலீட்டட்.சேவ்ட் என்று. பின்னால் வந்த பதிப்புகளில் இந்த இயந்திரத்தை உள்ளே மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால் நிலையின் பெயரைச் சரமாக ஒப்பிட்டு நிரல் எழுதாதீர்கள். உண்மை, பொய் என்று மட்டும் சொல்லும் ஃபிளாக்குகளைக் கேளுங்கள்: இஸ்நியூ (புதியதா), இஸ்சேவிங் (சேவ் ஆகிக்கொண்டிருக்கிறதா), இஸ்டெலீட்டட் (அழித்ததா), இஸ்வேலிட் (விதிப்படி சரியா), இஸ்எரர் (பிழையா), ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் (சேவ் ஆகாத மாற்றம் இருக்கிறதா). கடைசியாகச் சொன்னது 2015-ல் வந்த 1.13-க்கு முன் இஸ்டர்ட்டி என்ற பெயரில் இருந்தது, ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸும் அப்போது வெறும் ரோல்பேக். பழைய பதில்களிலிருந்து நிரல் எடுத்து ஒட்டினால் இது நினைவில் இருக்கட்டும். இன்னொன்று, ‘சேவ் ஆகிறதா’ என்று கண்ட்ரோலரில் (பக்கத்துக்கான தரவை வைத்திருக்கும் ஆப்ஜெக்டில்) நீங்களே தனியாக ஒரு ஃபிளாக் வைக்காதீர்கள். ரெக்கார்டுக்கே தெரிந்த விஷயத்தை இரண்டாம் இடத்தில் வைத்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது.

சரி, உங்கள் முதல் தொல்லைக்கு வருவோம். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம், எந்தத் தரவு என்று சொல்லும் ரூட்டில் ரீசெட்கண்ட்ரோலர் என்ற ஹுக், அதாவது எம்பர் தானே கூப்பிடும் ஃபங்ஷன், இருக்கிறது. அதற்குள் கண்ட்ரோலரின் மாடலை (அந்தப் பக்கம் திறந்த ரெக்கார்டை) எடுத்து, இஸ்சேவிங் இல்லை, ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் இருக்கிறது என்றால் ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிடுங்கள். நிறையப் பேர் இதை, ரூட்டை விட்டு வெளியேறும்போது ஓடும் டிஆக்டிவேட் ஹுக்கில் எழுதுகிறார்கள். நானும் முதலில் அங்கேதான் எழுதினேன், அதில் ஒரு ஓட்டை உண்டு. சரக்கு 12-ஐத் திருத்தும் பக்கத்திலிருந்து நேராகச் சரக்கு 13-ஐத் திருத்தப் போனால் ரூட் மாறவில்லை, மாடல் மட்டும்தான் மாறியது, டிஆக்டிவேட் ஓடாது. ரீசெட்கண்ட்ரோலர் இரண்டு நேரத்திலும் ஓடும். பயனரைக் கேட்டுவிட்டுத்தான் தூக்கி எறிய வேண்டும் என்றால் பக்கம் மாறும் முன் ஓடும் வில்டிரான்சிஷனில் கேட்டு, வேண்டாம் என்றால் டிரான்சிஷனை அபார்ட் செய்து நிறுத்துங்கள். பிரவுசர் தாவலையே மூடுவதை இது பிடிக்காது, அதற்கு பிரவுசரின் பிஃபோர்அன்லோட் நிகழ்வு தனியாக வேண்டும்.

ஆனால் பக்கத்தை விட்டு வெளியேறும்போது சுத்தம் செய்தாலும், பக்கத்திற்குள் இருக்கும் வரை 430 எல்லா இடத்திலும் தெரியும். இடதுபுறம் பட்டியல், வலதுபுறம் திருத்தும் படிவம் என்று வைத்திருந்தால் அடிக்க அடிக்கப் பட்டியலும் மாறும். சில இடங்களில் அது அழகு. ரேட், கையிருப்பு மாதிரி விஷயங்களில் எனக்கு அது ஒத்துவராது. அங்கெல்லாம் ரெக்கார்டின் மேல் ஒரு இடைத்தாள் வைத்து, சேவ் அழுத்தும்போது மட்டும் மாற்றங்களை ரெக்கார்டில் இறக்குவேன். எம்பர் சேஞ்ச்செட் என்ற ஆட்ஆன் இதற்கென்றே இருக்கிறது. அந்த பில்லிங் மென்பொருளிலும் கடைசியில் இதைத்தான் வைத்தோம். பையன் இப்போதும் ரேட்டை அடித்து லாபம் பார்த்துக்கொள்ளலாம், பில் பக்கத்துக்கு அது போய்ச் சேராது.

வெற்று வரி விஷயம். கிரியேட்ரெக்கார்ட் கூப்பிட்ட உடனேயே அந்த ரெக்கார்ட் ஸ்டோரில் வந்துவிடும், ஐடி இல்லாவிட்டாலும். ஃபைண்ட்ஆல் தருவது உயிருள்ள பட்டியல், ஸ்டோரில் எது சேர்ந்தாலும் அதில் தெரியும். அதுதான் உங்கள் வெற்று வரி. புது ரெக்கார்டில் ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிட்டால் திரும்புவதற்குப் பழைய மதிப்பு எதுவும் இல்லாததால் அந்த ரெக்கார்டே ஸ்டோரை விட்டுப் போய்விடும். புது ரெக்கார்டுக்கு ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் எப்போதும் உண்மைதான், ஆகவே மேலே சொன்ன அதே ரீசெட்கண்ட்ரோலர் நிரல் இதற்கும் போதும். படிவம் திறந்திருக்கும்போதே பட்டியலும் தெரியும் அமைப்பு என்றால் பட்டியலில் இஸ்நியூ ஆனவற்றை வடிகட்டிவிடுங்கள்.

சேவ் பட்டனை இஸ்சேவிங்கோடு கட்டி முடக்கி வையுங்கள். புது ரெக்கார்டில் இரண்டு முறை வேகமாக அழுத்தினால் சர்வருக்கு இரண்டு முறை உருவாக்கச் சொல்லிக் கோரிக்கை போய், இரண்டு வரி ஏறிவிடும். சேவ் போய்க்கொண்டிருக்கும் ரெக்கார்டை அழிக்கவோ, அன்லோட் செய்து ஸ்டோரிலிருந்து எடுக்கவோ முயலாதீர்கள்; பழைய பதிப்புகளில் நேராகப் பிழை எறியும்.

சர்வர் மறுக்கும் விதமும் முக்கியம். ‘ரேட் காலியாக இருக்கக் கூடாது’ மாதிரி விதிமீறல் என்றால் சர்வரிடமிருந்து 422 என்ற HTTP நிலைக் குறியீடு வர வேண்டும், கூடவே எந்த ஆட்ரிபியூட் என்பதும். அப்போதுதான் இஸ்வேலிட் பொய்யாகி, ரெக்கார்டின் எரர்ஸில் அந்தந்தக் கட்டத்துக்கான செய்தி போய்ச் சேரும். பயனர் அந்தக் கட்டத்தைத் தொட்டு மாற்றியதும் அதற்கான செய்தி தானே விலகும். எங்கள் சர்வர் முதலில் 400 அனுப்பிக்கொண்டிருந்தது. அதை எம்பர் டேட்டா பொதுவான பிழையாக எடுத்துக்கொண்டு இஸ்எரரை மட்டும் ஏற்றியது, கட்டத்துக்குக் கீழே ஒரு செய்தியும் வரவில்லை. சர்வர் எழுதுபவரிடம் பேசி 422 ஆக்கினோம், முன்பக்கத்தில் ஒரு வரி மாற்றாமலே செய்திகள் தெரிய ஆரம்பித்தன.

அழிப்பது பற்றி. டெலீட்ரெக்கார்ட் ஸ்டோரில் மட்டும் அழிந்ததாகக் குறிக்கும், சேவ் செய்தால்தான் சர்வருக்குப் போகும். டெஸ்ட்ராய்ரெக்கார்ட் இரண்டையும் சேர்த்துச் செய்யும். சர்வர் ‘இந்தச் சரக்குக்குப் பில் இருக்கிறது, அழிக்க முடியாது’ என்று மறுத்தால் ரெக்கார்ட் இன்னும் இஸ்டெலீட்டட் என்றே தொங்கிக்கொண்டிருக்கும். பிழையைப் பிடிக்கும் இடத்தில் ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிட்டுத்தான் அதை மீட்க வேண்டும். உங்களுக்கு வரும் பிழை இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: சர்வரிலும் அழிந்து முடிந்த பிறகு ஏதோ ஒரு நிரல் அந்த ரெக்கார்டில் மதிப்பு வைக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் அது தானாகச் சேமிக்கும் டைமராகவோ, இன்னும் மறையாத படிவத்தின் ஒரு கட்டமாகவோ இருக்கும். அழிக்கும் முன் டைமரை நிறுத்துங்கள். டெஸ்ட்ராய்ரெக்கார்ட் முடிந்ததும் வேறெதுவும் செய்யாமல் முதலில் பட்டியல் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் உறவுகள், அதாவது ஒரு ரெக்கார்ட் இன்னொரு ரெக்கார்டைச் சுட்டுவது. ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது, அது ஆட்ரிபியூட்டுகளை மட்டும்தான் பார்க்கும். சரக்கின் பிரிவை வேட்டியிலிருந்து துண்டு என்று பிலாங்ஸ்டூ உறவில் மாற்றினால் அது உண்மையாகாது, ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸும் அதைத் திருப்பாது. பழைய பிரிவைப் பக்கம் திறக்கும்போதே தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, வெளியேறும்போது நீங்களே திரும்ப வைக்க வேண்டும். பலர் இங்கே ஏமாறுகிறார்கள், அதனால் கவனமாக இருங்கள்.

எங்கே தொங்குகிறது என்று கண்டுபிடிக்க எம்பர் இன்ஸ்பெக்டர் என்ற பிரவுசர் நீட்டிப்பின் டேட்டா தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பக்கங்களில் உலாவுங்கள். புதியது, மாறியது, சுத்தமானது என்று வடிகட்டிப் பார்க்கலாம். அன்று கடையிலேயே, பையனின் பிரவுசரில் அதைத் திறந்தபோது மாறியவை என்ற வரிசையில் வேட்டி மட்டுமில்லை, பதினோரு சரக்குகள் நின்றன. காலையிலிருந்து பேரம் பேசிய அத்தனையும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தும் பக்கத்துக்கும் ஒரு சின்ன டெஸ்ட் எழுதுகிறேன். பக்கத்தைத் திற, ஒரு கட்டத்தை மாற்று, சேவ் பண்ணாமல் வேறு பக்கம் போ. பிறகு பீக்ஆல் செய்து (சர்வரைக் கேட்காமல் ஸ்டோரில் இருப்பதை மட்டும் எடுத்து), ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் உண்மையாக இருக்கும் ரெக்கார்டுகளை எண்ணு. பூஜ்ஜியம் வர வேண்டும். ‘புதியது’ பக்கத்துக்கும் அதே டெஸ்ட். எழுத ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் நிரலில் இதை முதலில் எழுதி ஓட்டிப் பாருங்கள், எந்தெந்தப் பக்கம் ரெக்கார்டைத் தொங்கவிடுகிறது என்று அதுவே காட்டிவிடும். அந்தப் பக்கங்களில் மட்டும் ரீசெட்கண்ட்ரோலரைச் சேருங்கள்.